உள்ளே இருக்கு என்றால் நம்பாதவர்

டீக்கடையில் அவருக்கு மட்டும் சர்க்கரை தனியாக வரும். போட்டுக் கலக்கிய டீயை வாங்க மாட்டார். "சீனி உள்ள கிடக்கு பாய், அடியில" என்று மாஸ்டர் ஆரம்பத்தில் இரண்டொரு தடவை வாதாடிப் பார்த்திருக்கிறார். "கிடந்தா நல்லதுதான். எனக்கு வெளியில குடுங்க, நானே போட்டுக்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் இரண்டு கரண்டி சர்க்கரை. மற்றவர்களுக்குப் போடுகிற அதே சர்க்கரை, அதே இரண்டு கரண்டி. ஆனால் கண்ணால் பார்த்துக் கையால் போட்டால்தான் அவருக்கு இனிக்கும்.

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் அவருடைய லேப்டாப் ரிப்பேர் கடை. வெளியே போர்டில் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைத்தெருவில் பாதிப் பேர் பாய்தான் என்றாலும் வெறுமனே பாய் என்றால் இவர். நானும் பெயரை எழுதவில்லை. எழுதினால் "பேரைப் போட்டுட்டீங்க, ஆளை எங்க?" என்பார்.

ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முட்டை இல்லாத சாப்பாடு, அவருக்கு பிரியாணி. பரிமாறுகிறவர் வைத்துவிட்டு நகர, இவர் "முட்டை?" என்றார்.

"உள்ள இருக்கு மாமா."

"உள்ளன்னா?"

"சோத்துக்குள்ள. சாப்பிடச் சாப்பிட வரும்."

பாய் கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீங்களே எடுத்து மேல வச்சுட்டுப் போங்க." பின்னால் வரிசை காத்திருக்க, அந்த மனிதர் குனிந்து கரண்டியால் பிரியாணியைத் தோண்டினார். கிழக்கே தோண்டினார், மேற்கே தோண்டினார். முட்டை இல்லை. முகம் சிவக்க ஓடிப்போய் ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்து வைத்தார். பாய் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எந்த வெற்றிப் பெருமிதமும் இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்தவருக்கு நடக்கும்போது எனக்கு எப்போதுமே சிரிப்பு தாங்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு, கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று அடுத்தவர் நிலத்தை எல்லாம் நான்கெல்லை போட்டு எழுதிக் கொடுப்பேன். சொந்தமாக எனக்கு இருப்பது ஒரு மேசையும் ஏராளமான பயமும். பயத்தை மறைக்க ஜோக் அடிப்பேன். ஜோக் அதிகமானால் நான் நடுங்குகிறேன் என்று என் வீட்டுக்காரிக்குத் தெரியும்.

தட்டச்சு மிஷினை விட்டு லேப்டாப்புக்கு மாறிய காலம் அது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து பாய் கடையில் விற்கக் கொடுத்திருந்த மிஷின். ஒவ்வொரு பட்டனிலும் இங்கிலீஷும் அரபியும் இருந்தன. நான் அடிக்கப்போவது தமிழ். மூன்று மொழியும் ஒரே பலகையில் சண்டை இல்லாமல் இருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. கையில் எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"உக்காருங்க ரைட்டரே" என்றார் பாய். "டிஸ்க் எடுக்கணும்."

"என்ன டிஸ்க்?"

"இந்த மிஷினுக்குள்ள ஒரு ரூம் இருக்கு. உங்க கண்ணுக்குத் தெரியாது, கதவும் கிடையாது. சிஸ்டம் ஒருநாள் படுத்துட்டா திரும்ப எழுப்புறதுக்கு உண்டானதை எல்லாம் கம்பெனிக்காரன் அந்த ரூம்லதான் வச்சிருக்கான்."

"அப்ப கவலையே இல்லையே பாய்."

"ரூம் எங்க இருக்கு?"

"உள்ள."

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "வீட்டுக்கு மாத்துச் சாவி செஞ்சு, அதை அந்த வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டுப் போவீங்களா?"

"என் தொழில்ல மறைச்சு வச்ச பாகம்னா அது கோர்ட்டுக்குப் போயிடும் பாய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு வெற்று டிவிடிகளை எடுத்து மேசையில் அடுக்கினார். ஒரு மிஷினுக்கு ஒரே ஒரு செட்டுதான் எடுக்க விடுவார்களாம். அதனால் கவனமாக எடுக்க வேண்டுமாம். என் கண் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய சொந்தச் சட்டம். முதல் டிஸ்க் முடிய முக்கால் மணி நேரம். இரண்டாவது முக்கால் மணி. மூன்றாவது தொண்ணூறு சதவீதம் வரைக்கும் போய், மனசு மாறி, வெளியே துப்பிவிட்டது. பாய் இன்னொரு டிவிடி எடுத்து அதை முதலிலிருந்து ஆரம்பித்தார். எனக்குப் பசி. "சாப்பிட்டு வந்துடறேனே" என்றேன். "நீங்க போயிட்டா இது என் டிஸ்க்கு. உக்காந்து பாத்தாத்தான் உங்க டிஸ்க்கு." எதிர்க்கடையிலிருந்து இரண்டு இறால் வாடா வாங்கி வரச் செய்தார். பிய்த்து உள்ளே இறால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார்.

அன்றைக்குக் காத்திருந்த நேரத்தில்தான் தன் கதையைச் சொன்னார். நான் கேட்டது விளையாட்டாக. "ஏன் பாய், பிறக்கும்போதே இப்படியா, இல்லை யாராவது ஏமாத்தினாங்களா?"

"யாரும் ஏமாத்தல." ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மிஷினின் தூசியைச் சுரண்டிக்கொண்டே பேசினார். அரபு நாட்டில் பதினோரு வருஷம் குளிர்சாதன மெக்கானிக். போய் இறங்கிய அன்றைக்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "பத்திரமா உள்ள இருக்கு" என்றார். ஊரில் உம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. பெட்டிச் சாவி முதலாளியின் தம்பியிடம். தம்பி வேறு நாட்டுக்குச் சுற்றுலா போயிருந்தார். அவர் திரும்பி வர ஒன்றரை மாதம். "உம்மாவோட நாப்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுறதுக்குத்தான் வந்து சேந்தேன்."

சுரண்டிய தூசியை ஊதிவிட்டு அவரே முடித்தார்.

"நல்ல மனுஷன்தான் அவரு. பாஸ்போர்ட்டும் பத்திரமாத்தான் இருந்துச்சு. ஒரு மூலைகூட மடங்கல."

அப்போது நான்காவது டிஸ்க் வெளியே வந்தது. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண்ணும் என் பெயரும் எழுதி, உறையில் போட்டு, என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார். "மிஷினோட பைல வைக்காதீங்க. தனியா வைங்க" என்றார். நான் வீட்டுக்குப் போய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றரை வருஷம் மறந்துபோனேன்.

இனி என் கூத்து.

சம்பாவுக்கு நாற்றுவிடும் நேரம். ஒரு குடும்பத்துப் பாகப்பிரிவினை எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஊரில் விவசாயம், சின்னவர் மஸ்கட்டில் வேலை, நடுவில் ஒரு தங்கச்சி, திருவையாற்றில் கட்டிக்கொடுத்தது. அப்பா இறந்து ஆறு வருஷமாகத் தங்கச்சிக்குப் பங்கு உண்டா இல்லையா என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவர்தான் லீவில் வந்து, அண்ணனோடு மல்லுக்கட்டி, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பதிவு. சனிக்கிழமை சின்னவருக்கு விமானம். அதை விட்டால் அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை பெரியவருடைய சம்மதம் கெடாமல் இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவரும் நம்பவில்லை, பெரியவர் உட்பட. இருபத்துமூன்று சர்வே எண், ஒவ்வொன்றுக்கும் நான்கெல்லை, விஸ்தீரணம். மூலப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து அடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பிரிண்டரில் மை இல்லை. பெரியவர் என் மேசைக்கு வந்து ஸ்கிரீனிலேயே இரண்டு தடவை படித்து "சரி" என்றுவிட்டுப் போனார்.

புதன்கிழமை மதியம் லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. நான் அணைக்கவில்லை. மின்வாரியம் அணைத்தது. பேட்டரி செத்து ஆறு மாதம். மூன்று மணிக்குக் கரண்ட் வந்து மிஷினைப் போட்டேன். கறுப்பு ஸ்கிரீனில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்து நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டேன். அதே இரண்டு வரி. விபூதி பூசிப் போட்டேன். அதே. கண்ணுக்குத் தெரியாத அந்த ரூமைத் திறக்க கம்பெனி சொல்லியிருந்த பட்டனை அழுத்தினேன், அமுக்கினேன், குத்தினேன். ரூம் திறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் "என்ன ரைட்டர், மோர்ஸ் தந்தி அடிக்கிறீங்களா?" என்றார். நான் ஏழு ஜோக் அடித்தேன். எட்டாவது ஜோக்குக்கு வாய் வரவில்லை, கிளம்பி வீட்டுக்கு வந்தேன்.

அலமாரியைக் கவிழ்த்தேன். உறை கிடைத்தது. பிரித்தேன். இரண்டு, மூன்று, நான்கு.

"ஒண்ணு எங்கடி?"

"எது?"

"பளபளன்னு, வட்டமா, என் பேர் எழுதி."

"அதுவா? உங்க தம்பி வந்து கேட்டாரே, நாத்தங்கால்ல குருவி விழுதுன்னு. மேலா இருந்ததை எடுத்துக் குடுத்தேன். மீதி மூணும் இருக்குல்ல, அதை வச்சுக்கங்க" என்றாள், தட்டில் இன்னும் மூன்று இட்லி இருக்கிறதே என்கிற தொனியில்.

எங்கள் பக்கம் விதை தெளித்த நாற்றங்காலில் சுற்றிலும் கம்பு நட்டு, குறுக்கே சணல் கட்டி, பழைய சிடிகளைத் தொங்கவிடுவார்கள். வெயிலில் மின்னி மின்னித் திரும்ப, பறவைகள் பயந்து வராது. வியாழன் காலையில் தம்பி வயலுக்குப் போய்ப் பார்த்தேன். பதினோரு டிஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. சினிமா, பக்திப் பாட்டு, யாருடைய காதுகுத்து வீடியோவோ, அவற்றுக்கு நடுவே எங்கோ என் மிஷினின் உயிர். மார்க்கர் எழுத்தை வெயில் தின்றிருந்தது. பதினொன்றும் ஒன்றுபோல வெள்ளி.

வரப்பிலிருந்து எட்டவில்லை. காலை உள்ளே வைத்தேன்.

"அண்ணே, முளை, முளை. மிதிக்காதீங்க" என்று தம்பி கத்தினான்.

"எது என்னோடதுடா?"

"குருவிக்குக் கட்டினதுல எது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. பதினொன்றையும் சணலோடு அறுத்து எடுத்தேன். "அப்ப குருவிக்கு நான் என்ன பண்ணுறது?" என்று தம்பி கேட்டான். "நீ நில்லு" என்றேன். திரும்பிப் பார்த்தபோது என் தம்பி துண்டை வீசிக்கொண்டு நாற்றங்காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான், மைனாக்கள் அவனை ஒரு பொருட்டாக மதிக்காமல் இறங்கிக்கொண்டிருந்தன.

பத்து மணிக்கு பாய் கடை. ஒரு காலில் செருப்பு, கழுத்தில் லேப்டாப் பை, கையில் டிஸ்க் மாலை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாலையை வாங்கி ஒவ்வொரு டிஸ்க்காக எடுத்து நடு ஓட்டையின் ஓரத்தை நகத்தால் தடவினார். ஏழாவதில் நின்றார். "இதான். மார்க்கர் அழிஞ்சா இருக்கட்டும்னு அன்னைக்கே ஊசியால கீறி வச்சேன்." துணியால் துடைத்து மேசையில் வைத்தார். மிஷினில் போடவில்லை.

"போடுங்க பாய். நாளைக்குப் பதிவு."

"என்ன பதிவு?"

சொன்னேன். தங்கச்சி, விமானம், ஒன்பது நாள், எல்லாம்.

"அந்தப் பத்திரம் எங்க இருக்கு?"

"உள்ள."

"வெளியில?"

"அதான் பாய், இந்த நாலு டிஸ்க்குல. அதுக்குத்தானே எடுத்தோம்."

பாய் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாக, காய்ச்சல்காரனிடம் பேசுவது போலக் கேட்டார்: "ஒன்றரை வருஷம் முன்னாடி எடுத்த டிஸ்க்குல போன வாரம் அடிச்சது எப்படி ரைட்டரே வரும்? உங்க கல்யாண போட்டோவுல உங்க பொண்ணு நிக்கிறாளா?"

நான் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அது உள்வாங்கியது.

"இந்த டிஸ்க்கைப் போட்டா மிஷின் கடையில வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிடும். நீங்க அதுல அடிச்ச ஒரு எழுத்து இருக்காது. உங்க பேரே அதுக்குத் தெரியாது."

நேற்று சாயங்காலம் அந்த ஒன்றாவது டிஸ்க் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன். கும்பிட்டுவிட்டுப் போட்டிருப்பேன். எல்லாம் அழியும், சரிதானா என்று அது இங்கிலீஷில் கேட்டிருக்கும். இங்கிலீஷில் யார் எது கேட்டாலும் எஸ் அழுத்துவது என் வழக்கம். ஒரு பெண்ணின் பங்கான மூன்று மா நஞ்சையை, ஏறக்குறைய ஒரு ஏக்கரை, என் விரல் நுனியால் துடைத்துவிட்டு, நன்றாயிற்று என்று காபி குடித்திருப்பேன். அதை நினைத்ததும் உள்ளங்கால் சில்லிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

பாய் அதற்குள் மிஷினைக் கவிழ்த்து ஆறு திருகைக் கழற்றிவிட்டார். உள்ளேயிருந்து சீட்டுக்கட்டு அளவில் ஒரு இரும்புத் துண்டை, ஹார்ட் டிஸ்க்காம், எடுத்து, ஒரு ஒயரில் மாட்டி, தன் கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றினார். டிக், டிக் என்று சத்தம் மட்டும். "கை வைக்காதீங்க, மூச்சு விடாதீங்க" என்றார். பின்னதை ஜோக்காகத்தான் சொன்னார், நான் கடைப்பிடித்தேன். மூன்றாவது ஒயரில் ஸ்கிரீனில் மஞ்சள் உறைகள் வரிசையாக வந்தன.

"இதுல எது?"

நான் தலையைச் சொறிந்தேன். என் பத்திரங்களுக்கு நான் வைத்திருந்த பெயர்கள்: புதுசு, புதுசு இரண்டு, கடைசி, கடைசி கடைசி, நிஜமான கடைசி.

"பத்திரத்துல நான்கெல்லை எல்லாம் போடுறீங்க" என்றார் பாய். அதோடு விட்டார். அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிஜமான கடைசியில் இருந்தது பத்திரம். இருபத்துமூன்று சர்வே எண்ணும் அப்படியே இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேறு பட்ட கையால் துடைத்துக்கொண்டேன்.

பிரிண்டரைப் போட்டார். பதினான்கு பக்கம் வந்து விழுந்தது. எடுக்கப் போனேன். அவர் மறுபடி ஒரு பட்டனை அழுத்தினார். இன்னொரு பதினான்கு.

"ஒண்ணு போதும் பாய்."

"பங்கு எத்தனை பேருக்கு?"

"மூணு."

"அந்தப் பொம்பளைப் பிள்ளை படிச்சுப் பாத்துடுச்சா?"

"பெரியவர் படிச்சாச்சு. பத்திரமும் அவர் வீட்டு பீரோவுலதான் இருக்கும். எல்லாருக்கும் பொதுவா, பத்திரமா..."

சொல்லும்போதே வாய் குழறிவிட்டது. இருபது வருஷத் தொழிலில் எத்தனையோ அக்கா தங்கைகளின் பங்கை எழுதியிருக்கிறேன். ஒருத்தி கையிலும் காகிதத்தைக் கொடுத்துப் படி என்று சொன்னதில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறேன். பாய் மூன்றாவது தடவை பட்டனை அழுத்தினார். அந்தக் கட்டைத் தனியாக எடுத்து, ஓரம் தட்டி, பின் அடித்து, என்னிடம் கொடுக்காமல் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

தங்கச்சி பதிவுக்காக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தது. போன் செய்தேன். கடைக்கு வந்து படித்துப் பார்க்கச் சொன்னேன். "அண்ணனுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டது. "நாத்தனாருக்குப் புடவை எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வாம்மா, பக்கத்துக் கடை ஜவுளிக்கடைதான்" என்றேன். இந்த மாதிரி யோசனைகளுக்கு எனக்குப் பஞ்சமே இருக்காது.

வந்தது. நாற்பது வயது இருக்கும். பாய் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றார். "படிங்கம்மா. அவசரம் இல்ல" என்று காகிதத்தைக் கையில் கொடுத்தார். பிறகு எங்களை மறந்து, என் பத்திரங்களை எல்லாம் தன் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, என் லேப்டாப்பில் ஒன்றாவது டிஸ்க்கைப் போட்டார். அது முடிந்ததும் இரண்டு. அந்தப் பெண் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனது. நான் மறுபடி ஜோக் அடிக்க ஆரம்பித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது டிஸ்க் போடும்போது அது தலை நிமிர்ந்தது.

"சார், அண்ணன் பங்குல வாய்க்கால் பாத்தியம் போட்டிருக்கு. சின்னவன் பங்குலயும் போட்டிருக்கு. எனக்கு எங்க?"

"இருக்கும்மா. உள்ள இருக்கும்" என்றேன்.

பாய் திரும்பிப் பார்த்தார். நான் காகிதத்தை வாங்கிப் படித்தேன். இல்லை. ஒரு பாராவை எடுத்து அதன் பங்குக்கு நகர்த்தும்போது எடுப்பது மட்டும் நடந்திருக்கிறது, வைப்பது நடக்கவில்லை. அந்த மூன்று மா கடைமடை. பெரியவர் வயலை ஒட்டி வரும் சின்னக் கன்னி வாய்க்காலில்தான் அதற்குத் தண்ணீர். அந்தத் தண்ணீர் உரிமை பத்திரத்தில் இல்லை என்றால் பெரியவர் ஒரு மண்வெட்டி மண்ணை வெட்டிப் போட்டால் போதும், அப்புறம் அது நிலம் இல்லை, வறண்ட திடல். தப்பு என்னுடையது. அதை எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் பெரியவர் இரண்டு தடவை படித்தவர், விவசாயி. அவர் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்பதை நான் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா, அவர் அடிப்பாரு" என்று பாய் தன் கம்ப்யூட்டர் ஸ்கிரீனை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தார். அது சொன்னது: எந்த மதகிலிருந்து பிரிகிறது, எந்த வரப்பு ஓரமாக வருகிறது, எங்கே குறுக்கே திரும்புகிறது. சின்ன வயதில் அதில் இறங்கி அயிரை மீன் பிடித்த வாய்க்காலாம். எனக்கு மூலப் பத்திரத்தில் கிடைக்காத விவரம் எல்லாம் அதன் வாயில் இருந்தது. நான் அடித்தேன். புதுப் பக்கத்தை எடுத்துப் பாய் அதனிடம் நீட்டினார். இரண்டு தடவை படித்துவிட்டு "இப்ப சரி" என்றது. காகிதத்தை மடித்து முந்தானைக்குள் வைக்கப் போனது, என்ன நினைத்ததோ, பைக்கு மேலாக வைத்துப் பிடித்துக்கொண்டு போனது.

பாய் இப்போது கூத்தாநல்லூரில் இல்லை. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். லேப்டாப்பில் டிஸ்க் போடுகிற தட்டே இல்லாமல் போய்விட்டது. போன ரம்ஜானுக்கு வந்திருந்தபோது டீக்கடையில் பார்த்தேன். தட்டில் சர்க்கரை வந்தது. பேரன் செல்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம், போட்டோ எல்லாம் எங்கேடா என்று கேட்டால் மேலே கிளவுடில் இருக்கிறது என்கிறானாம். "உள்ள இருக்குன்னாலே ஒத்துக்க மாட்டேன் ரைட்டரே. இவன் மேல இருக்குங்கிறான்." நூற்றுச்சொச்சம் போட்டோவையும் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டாராம். என்னையும் விடவில்லை. "பத்திரத்துக்கு என்ன பேர் வைக்கிறீங்க இப்ப?" என்றார். "சர்வே நம்பர் போட்டு வைக்கிறேன் பாய். பிரதி எடுத்துத் தனியாவும் வைக்கிறேன்" என்றேன். "எங்க?" என்றார். சொல்லிவிட்டுத்தான் டீயைத் தொட முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூவரும் வரிசையாக நின்றார்கள். நான் பின்னால், ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டு நின்றேன். திருத்திய பக்கத்தைப் பெரியவரிடம் வெளியிலேயே காட்டியாயிற்று. அவர் படித்துவிட்டு என்னை நீளமாகப் பார்த்தார். சின்னவர், "வாய்க்கால்தானே அண்ணே, விட்டுப்போச்சாம், போட்டாச்சாம்" என்றார், கையில் விமான டிக்கெட்டோடு. பெரியவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சார்பதிவாளர் தலை நிமிராமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வருகிற எல்லோரிடமும் கேட்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள், அவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

"சம்மதம்தானா? படிச்சுப் பாத்தீங்களாம்மா?"

"ரெண்டு தடவை படிச்சேன் சார்" என்றது தங்கச்சி. "ஒரு இடத்துல தப்பு இருந்துச்சு. நான் சொல்லித் திருத்தினாங்க."

சார்பதிவாளரின் பேனா நின்றது. முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, தங்கச்சியைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், கடைசியில் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.